எட்டுக் கிலோ பேரம்

பேத்தியின் ஒரு சிரிப்பு என்ன விலை என்று கேட்டால், நாலு மாடி. குறைத்துத் தரமாட்டார்கள். தவணையும் கிடையாது. இன்றைக்கு இரண்டு மாடி ஏறிவிட்டு மீதியை அடுத்த வாரம் ஏறிக்கொள்கிறேன் என்றால் எந்தப் படிக்கட்டும் ஒத்துக்கொள்ளாது. எந்தச் சரக்கையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லாத மெத்தைக்கடைக்காரருக்கு முன்னால், பேரமே பேச முடியாத ஒரு விலை இப்படி வந்து நின்றது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

மகள் தன் புருஷன் வீட்டாரோடு நாலாவது மாடியில் குடியிருந்தாள். குழந்தை பிறந்த புதிதில் மெத்தைக்காரர் ஒரே ஒரு முறை ஏறிப் பார்த்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாருக்காவது போன் பண்ணணுமா?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அந்தப் பயணம் முடிந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வருவாள். ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில், மின்சார மீட்டர் பெட்டிகளுக்குக் கீழே தாத்தாவுக்கும் பேத்திக்கும் சந்திப்பு நடக்கும்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனது. முகம் பார்க்கத் தெரிந்துவிட்டது. ஸ்கூட்டர்களுக்கு நடுவிலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பி வருகிற இந்தப் பெரிய உருவத்தைக் கண்டதும் அதற்கு உதடு பிதுங்கும். அவர் கையை நீட்டினால் அழும். மடக்கினால் நிறுத்தும். விளக்கு சுவிட்ச் போல.

இதில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச ஒருவர் இருந்தார். சம்பந்தி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், குடைக்கம்பி மாதிரி உடம்பு. நாலு மாடியையும் சீட்டியடித்துக்கொண்டே ஏறி இறங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தபோது, பால் புட்டியோடு அவர் இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் மேல் பாய்ந்தது.

"பழகினா வந்துடும் சம்பந்தி," என்றார் அவர். "தினமும் பாக்குற மூஞ்சி வேற, வாரத்துக்கு ஒரு தரம் பாக்குற மூஞ்சி வேற இல்லையா."

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் குத்தியிருக்கலாம். நல்லபடியாகச் சொல்லித் தொலைத்தார். அதுதான் வலித்தது.

வீடு திரும்பும் வழியில் மெத்தைக்காரர் மனைவியிடம் சொன்னார்: "பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகுற அன்னிக்கு நான் நாலாவது மாடியில இருப்பேன்."

"கிரேன் வெச்சா?" என்றாள் மனைவி.

அவர் இவ்வளவு கனத்ததில் தொழிலுக்கும் பங்கு உண்டு. அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஒன்று: வாடிக்கையாளர் வாயில் ஏதாவது இருந்தால் 'வேண்டாம்' என்ற சொல் அதற்குள்ளிருந்து வெளியே வராது. அதனால் மெத்தை பார்க்க வருகிறவர் உட்கார்ந்ததும் டீ வரும், பிஸ்கட் வரும், பொரித்தது ஒரு தட்டு வரும். வந்தவர் கூச்சப்படக்கூடாதே என்று கடைக்காரரும் கூடவே சாப்பிடுவார். மெத்தை விற்றாலும் விற்காவிட்டாலும் தட்டு காலி. முப்பது வருடம் இப்படி நடந்த வியாபாரத்தில், கடையில் சரக்கு வந்து வந்து போனது. வயிற்றில் இறங்கிய சரக்கு மட்டும் போகவில்லை. உறை பிரிக்காத மூன்று மெத்தைகளை அடுக்கி, அதன்மேல் அவர் உட்கார்ந்திருப்பார். கேட்டால் சரக்கைச் சோதிப்பதாகச் சொல்வார்.

சபதம் போட்ட மறுநாளே ஆரம்பித்துவிட்டார். வெள்ளரிக்காயும் வெந்நீரும். வேறு ஒன்றும் கிடையாது.

"கொஞ்சம் கொஞ்சமா குறைங்க," என்றாள் மனைவி.

"கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறது சில்லறைக் கடைக்காரன் வேலை. நான் மொத்த வியாபாரி. ஒரே லோடா இறக்கிடுவேன்."

முதல் இரண்டு நாள் வீரம் இருந்தது. மூன்றாம் நாள் கோபம் மட்டும் இருந்தது. ஐந்தாம் நாள் கடைக்கு ஒரு புதுத் தம்பதி வந்தது. பெரிய மெத்தை ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். மெத்தைக்காரர் வழக்கமான விலையைச் சொன்னார். அந்தப் பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடி விழுமோ என்ற பயத்தோடு, அதில் சரிபாதியைக் கேட்டான்.

"சரி, எடுத்துக்கோங்க," என்றார் மெத்தைக்காரர்.

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். புருஷன் மெத்தையைப் பார்த்தான். அவள் குனிந்து மெத்தையை மோந்து பார்த்தாள். பிறகு இருவரும், "வீட்ல கேட்டுட்டு வர்றோம்," என்று சொல்லிக் கிட்டத்தட்ட ஓடிவிட்டார்கள். பாதி விலைக்கு உடனே தலையாட்டுகிற கடையில் எந்தப் புத்திசாலி வாங்குவான்?

பக்கத்துத் தலையணைக் கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது: மெத்தைக்காரர் முதல் விலைக்கே தலையாட்டிவிட்டார், கடையை மூடப்போகிறார் போலிருக்கிறது. ஃபோம் அனுப்புகிற கம்பெனியிலிருந்து போனில் கூப்பிட்டு, "எல்லாம் நல்லபடியா இருக்கில்ல?" என்று நலம் விசாரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், ஒரு முழு ரொட்டியையும் அதற்குத் தோதான வெண்ணெயையும் தின்று தீர்த்தார். அடுத்த வாரமும் அதே வேகம். இறங்கிய எடை போன வழியே திரும்பி வந்தது, கூட ஒரு கிலோவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு.

இரண்டு நாள் கழித்து, "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போறோம்," என்று மட்டும் மனைவி சொன்னாள்.

மருந்துக்கடைக்குப் பக்கத்தில், உணவு ஆலோசகர் ஒருவரின் அறை அது. தரைத்தளத்தில்தான். இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மேஜைமேல் பிளாஸ்டிக் தக்காளி, பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் மீன் எல்லாம் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரோரம் எடை பார்க்கும் இயந்திரம். ஆலோசகருக்கு அவர் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முழங்கால், ரத்த அழுத்தம், டாக்டர் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"பேத்திக்கு ஒரு வயசாக அஞ்சு மாசத்துக்கு மேல இருக்கு. பதினஞ்சு கிலோ குறைக்கணும் ஐயா."

மெத்தைக்காரருக்கு முதுகு நிமிர்ந்தது. வெள்ளரிக்காய்க்குப் பிறகு இப்போதுதான் உடம்பில் ரத்தம் ஓடுகிற உணர்வு. இது அறிவுரை இல்லை. இது விலை. யாரோ அவரிடம் ஒரு விலை சொல்லியிருக்கிறார்கள்.

"பதினஞ்சா?" என்று சிரித்தார். "ஏம்மா, இடுப்பைக் குறைக்கச் சொல்றீங்களா, பாதி ஆளை இங்க வெச்சுட்டுப் போகச் சொல்றீங்களா? நாலு கிலோ."

"நாலு கிலோ உங்க சாவிக்கொத்தே இருக்கும். பன்னெண்டு."

"அஞ்சு. பழகின இடமாச்சேன்னு சொல்றேன்."

"இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க."

"இனிமே பழகப்போறோம் இல்ல?"

"பதினொண்ணு."

அவர் எழுந்தார். நாற்காலி பெருமூச்சு விட்டது. மனைவியைப் பார்த்து, "வா போகலாம், நமக்குக் கட்டாது," என்றார். இது கடைத்தெருவில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஆட்டம். கதவுவரை மெதுவாக நடக்க வேண்டும், காது மட்டும் பின்னாலேயே இருக்க வேண்டும். மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்திருக்கவே இல்லை. ஆலோசகர் தாள்களை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பத்து."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஆறு."

கடைசியில் எட்டில் முடிந்தது. அப்புறம் மற்ற சரக்குகள். நடை ஒரு மணி நேரம் என்றாள். இருபது நிமிடத்துக்கு இறக்கினார். சர்க்கரை போட்ட டீ அறவே கூடாது என்றாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் பாதிச் சர்க்கரை, மற்றதெல்லாம் வெறும் டீ என்று படிந்தது. பொரித்தது வாழ்நாள் முழுக்கத் தொடவே கூடாது என்றவளை, வாரத்துக்கு இரண்டு முறை என்ற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ராத்திரி ஒரு மணிவரை டீவி பார்க்கிற வழக்கத்தைப் பதினொன்றுக்கு முடித்துக்கொடுத்தார். ஒவ்வொரு சரக்கு படியும்போதும் முகத்தில் ஒரு சுற்று பொலிவு கூடியது.

ஒன்றே ஒன்றில்தான் அவள் அசையவில்லை. சாப்பிடுகிற தட்டில் பாதி காய்கறி.

"கால் தட்டு," என்றார்.

"பாதி."

"சரி, காலுக்கு மேல ரெண்டு கரண்டி."

"பாதி ஐயா. இதுக்குக் கீழ எனக்குக் கட்டுபடியாகாது. மிச்சப் பாதியில முட்டையோ மீனோ பருப்போ ஒரு பங்கு, சோறோ ரொட்டியோ ஒரு பங்கு. பட்டினி மட்டும் வேண்டாம். பட்டினி கிடந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அடிவிலை வந்துவிட்டால் வியாபாரி குரலில் ஒரு அமைதி வரும். அதற்கு மேல் இழுத்தால் சரக்கு கிழியும். "சரி, பாதி," என்றார். "பேசியாச்சு."

வெளியே வந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். "பதினஞ்சு சொன்னாங்க. எட்டுல முடிச்சேன் பாத்தியா?"

"உங்ககிட்ட யாரு ஜெயிக்க முடியும்," என்றாள் மனைவி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

முப்பது வருடமாக அவள் சொல்லிச் சொல்லி நடக்காதது, அடுத்த நாளிலிருந்து நடக்க ஆரம்பித்தது. காரணம் மிகச் சாதாரணம். அவள் சொன்னது அறிவுரை. அறிவுரை இலவசம், இலவசத்துக்கு அந்தத் தெருவில் மதிப்பில்லை. பேரம் பேசி முடித்தது அப்படியல்ல. அங்கே பெரிய பெரிய லோடுகளே வாய்ப்பேச்சில்தான் கை மாறும். பேசிய பேச்சை மாற்றுகிறவனுக்கு மறுநாள் ஒருவரும் ஆணி கூடக் கொடுக்கமாட்டார்கள். தன் வாயால் படியவைத்த எட்டுக் கிலோவை மெத்தைக்காரர் எப்படி இல்லை என்பார்?

அதற்காக முனகாமல் இருந்தார் என்று நினைக்க வேண்டாம். "ஆடு மாடுகூட நடுவுல ஒரு தடவை நிமிந்து பாக்கும். என்னை நிமிரவே விடமாட்டேங்குறியே," என்று தட்டின் காய்கறிப் பாதியைப் பார்த்துப் புலம்புவார். புலம்பிக்கொண்டே தின்றுவிடுவார். டீக்கடைக்காரருக்கு மனத்தாங்கல். "ஏன் முதலாளி, நம்ம டீ புடிக்கலையா? சர்க்கரை வேண்டாம்னா டீத்தூளைச் சந்தேகப்படுற மாதிரி இருக்கு," என்றார். அவரைச் சமாதானப்படுத்த அரைமணி நேரம் ஆனது.

நடப்பதில் வேறொரு சிக்கல். கடைத்தெருவில் காரியமில்லாமல் நடக்கிற வியாபாரியைப் பார்த்தால் எல்லோருக்கும் சந்தேகம் வரும். "எங்க அண்ணே கிளம்பிட்டீங்க? யாரு பணம் தரணும்?" என்று கடைக்குக் கடை கேட்டார்கள். அதனால் அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கோ கட்டில் அளக்கப் போகிறவர் போல நடந்தார். ஒரு மாதத்தில் இருபது நிமிடம் முப்பது ஆனது. அந்தப் பத்து நிமிடம் ஒப்பந்தத்தில் இல்லாதது. யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த தடவை முப்பதிலிருந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வியாபாரம் படுக்கவில்லை. வாடிக்கையாளர் வாயில் பிஸ்கட் இருக்கும்போது தன் வாய் காலியாக இருந்தால், பேசுவதற்கு எவ்வளவு வசதி என்பதை அப்பா ஏன் கண்டுபிடிக்காமல் போனார் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் மாதம் சறுக்கியது. தங்கும் விடுதி ஒன்றுக்கு மொத்தமாக மெத்தை எடுக்க வந்தவர், ஒரு பெட்டி நிறையக் கேக் கொண்டுவந்தார். பேச்சு சாயங்காலம்வரை இழுத்தது. வியாபாரம் முடிந்தபோது பெட்டியும் முடிந்திருந்தது. வந்தவர் தின்றது ஒரே ஒரு துண்டு. அந்த வாரம் எடை இயந்திரத்தில் ஏறினால் முள் மேலே போய் நின்றது.

"தராசுல கோளாறு," என்றார்.

ஆலோசகர் ஏறிக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

அவர் முகம் தொங்கிவிட்டது. "பேச்சு முறிஞ்சுபோச்சும்மா. நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்க."

"மழையில ஒரு நாள் கடை திறக்க முடியலைன்னு வைங்க," என்றாள் அவள். "அடுத்த நாள் சாவியைத் தூக்கிக் கிணத்துல போடுவீங்களா?"

"ஏன் போடுறேன்? ஒன்பது மணிக்குத் திறப்பேன்."

"அவ்வளவுதான் ஐயா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அந்தக் கேக்கை வாரத்துக்கு ரெண்டு தடவை பொரிச்சதுல கழிச்சுக்கலாமா?" என்று கேட்டார். பேரம் திரும்பிவிட்டது என்றால் ஆளும் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு மெல்ல மெல்ல உயர ஆரம்பித்தது. ஸ்கூட்டர்களை விட்டு முதல் மாடித் திருப்பத்துக்கு வந்தது. சில வாரத்தில் இரண்டாவது மாடி. முழங்கால்கள் முன்புபோலக் கத்துவதில்லை, முணுமுணுப்பதோடு சரி. ஆனால் குழந்தைக்கு இந்த முன்னேற்றமெல்லாம் தெரியுமா? எந்த மாடியில் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அம்மாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டது.

"ஏறிடுவேன்," என்று ஒரு ராத்திரி மனைவியிடம் சொன்னார். "ஏறினதுக்கு அப்புறமும் அழுதா என்ன பண்றது?"

அவள் கேலி ஏதும் செய்யவில்லை. "அழுதா அழட்டும். நாம அங்க இருப்போம் இல்ல," என்றாள்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்த நாள். மெத்தைக்காரர் ஏறினார். முதல் மாடி பேச்சோடு போனது. இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயை ஆராய்ச்சி செய்வதுபோல மூச்சு வாங்கினார். சம்பந்தி மேலிருந்து இறங்கி வந்து, "கை குடுக்கவா சம்பந்தி?" என்றார்.

"நகருங்க. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குறீங்க," என்றார் மெத்தைக்காரர். குடைக்கம்பியைப் பார்த்து அதைச் சொன்னதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே நாலாவது மாடி.

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து எத்தனை வருடம் இருக்கும் என்று அவருக்கே ஞாபகமில்லை. குழந்தை தள்ளி, சம்பந்தியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மகள், "தாத்தாகிட்ட போ," என்றாள். எல்லோரும் அவர் கையை நீட்டுவார் என்று பார்த்தார்கள்.

அவர் நீட்டவில்லை. சரக்கு வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும். இந்தப் பாடத்தை ஏன் ஒரு வருடமாக மறந்து போனோம் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துத் தட்டிலிருந்து வேகவைத்த கேரட் துண்டு ஒன்றை எடுத்தார். ஜன்னலைப் பார்த்தபடி கடித்தார். கண்ணை மூடி ரசித்தார். இன்னொரு துண்டை எடுத்தார். கூடத்தில் அப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாதவர் மாதிரி.

குழந்தை பார்த்தது. சம்பந்தியின் முழங்காலை விட்டது. தவழ்ந்து வந்து, அவர் தொடையைப் பிடித்து எழுந்து நின்று, அவர் வாயையே உற்றுப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது. அது நீட்டியது, அவர் இல்லை.

அவர் ஒரு துண்டை நசுக்கிக் கொடுத்தார். அது தின்றது. மேலே ஏறி மடியில் உட்கார்ந்து அடுத்த துண்டைக் கேட்டது. கேரட் முகமெல்லாம் அப்பியிருக்க, ஒருமுறை அவரைப் பார்த்துச் சிரித்தது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பேரமே பேசாமல், கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அது அவர் வயிற்றின்மேல் சரிந்து தூங்கிவிட்டது.

"என்மேல ஒருநாளும் இப்படித் தூங்கினதில்லை," என்றார் சம்பந்தி. "எலும்பு குத்துதோ என்னமோ."

"சரக்கு அப்படி சம்பந்தி," என்றார் மெத்தைக்காரர், குரலைத் தாழ்த்தி. "நல்லவேளை, மொத்தத்தையும் இறக்காம வெச்சிருந்தேன். அந்தம்மா பதினஞ்சு கேட்டாங்க தெரியுமா? அடிச்சுப் பேசி எட்டுல முடிச்சேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இன்னுமா சொல்லலை?"

"என்ன சொல்லலை?"

மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாளே நான் போய்ப் பேசிட்டு வந்துட்டேன். இவர்கிட்ட எதையும் நேர் விலையா சொல்லாதீங்க, ரெண்டு, ரெண்டரை மடங்கா சொல்லுங்க, எந்திரிச்சு வாசல்வரைக்கும் போவார், பயப்படாதீங்கன்னு. அவங்க மனசுல வெச்சிருந்தது ஆறுதான். நீங்களா போய் எட்டுக்கு ஒத்துக்கிட்டு வந்தீங்க."

கத்த வேண்டிய இடம். ஆனால் வயிற்றின்மேல் குழந்தை தூங்குகிறது. ஏமாந்த வியாபாரி ஒருவர் தன் கோபம் முழுவதையும் கிசுகிசுப்பாகவே வெளிப்படுத்த வேண்டியிருந்தது.

"முப்பது வருஷம் என்கூட குடும்பம் நடத்திட்டு, எனக்கு எதிரா தரகு பாத்திருக்கே."

"ஆமா. இறங்கினது எத்தனை?"

"ஏழு."

"எட்டுல ஒண்ணு பாக்கி," என்றார் சம்பந்தி, உதவி செய்கிற தோரணையில்.

"ஆறுக்கு ஒண்ணு அதிகமாவே குடுத்திருக்கேன்," என்று மெத்தைக்காரர் மறுத்தார். அப்புறம் கை தன்னையறியாமல் குழந்தையின் முதுகைத் தடவ, அவருக்கு வேறு ஏதோ தோன்றியது. "பாப்பா இப்ப எத்தனை கிலோ?"

"ஒன்பது," என்றாள் மகள்.

அவர் கூரையைப் பார்த்து உதட்டை அசைத்துக் கூட்டிக் கழித்தார்.

"அப்ப எழுதிக்கோங்க," என்று கிசுகிசுத்தார். "இறங்கினது ஏழு. ஏறி உக்காந்தது ஒன்பது. ரெண்டு கிலோ என் பேர்ல பாக்கி."